401 வாரம் ஓடிய படம்: பாகிஸ்தான் உருது சினிமாவின் ஜூப்ளிக் கணக்கு

1977 மார்ச்சில் வெளியான 'ஆயினா' என்ற உருதுப் படம் கராச்சியில் 401 வாரம் ஓடியதாகச் சொல்வார்கள். பாகிஸ்தான் சினிமாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் முதல் நாளிலேயே மோதிக்கொள்ளும் எண் இது. காலண்டரை வைத்து எண்ணிப் பாருங்கள். 401 வாரம் என்றால் ஏழரை வருடத்துக்கும் மேல். இடைவிடாமல் ஓடியிருந்தால் 1984 நவம்பரில்தான் படத்தைத் தூக்கியிருக்க வேண்டும். ஆனால் அது முதலில் வெளியான தியேட்டரில் ஓடியது 48 வாரம். மீதி 353 வாரம் எங்கிருந்து வந்தது?

யாரும் பொய் சொல்லவில்லை. அங்கே 'வாரம்' என்ற சொல்லுக்கு வேறு பொருள். அதைப் புரிந்துகொண்டால் 1950 முதல் 1980 வரையிலான உருதுப் படங்களின் வெற்றி தோல்விகளைச் சரியாகப் படிக்கலாம். புரியாமல் படித்தால் சுமாரான படம் காவியமாகத் தெரியும். உண்மையிலேயே ஓடிய படம் கண்ணில் படாமல் போகும்.

முதலில் ஒரு எல்லைக்கோடு. அக்காலத்து பம்பாய்ப் படங்களின் வசனமும் பாட்டும் பெரும்பாலும் உருதுவுக்கு நெருக்கமானவைதான். என்றாலும் அவை இந்திப் படங்கள் என்ற பெயரில் விற்கப்பட்டன, அது தனிக்கதை. இங்கே பேசுவது 1947க்குப் பிறகு லாகூரிலும் கராச்சியிலும், 1971 வரை டாக்காவிலும் தயாரான உருதுப் படங்களைப் பற்றி மட்டும்.

வாரத்தை எப்படி எண்ணினார்கள்

தமிழ்நாட்டில் வெள்ளிவிழா என்றால் ஒரே தியேட்டரில் 175 நாள், அதாவது 25 வாரம். பாகிஸ்தானிலும் தொடக்கப் புள்ளி அதே 25தான். 25 வாரம் சில்வர் ஜூப்ளி, 50 கோல்டன், 75 பிளாட்டினம், 100 டைமண்ட். ஆனால் அந்த 25ஐ ஒரு தியேட்டர் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. ஒரே நகரத்தில் படம் ஓடும் எல்லாத் தியேட்டர்களின் வாரங்களையும் கூட்டிக்கொள்வார்கள். நான்கு தியேட்டரில் ஒரு வாரம் ஓடினால் கணக்கில் நான்கு வாரம்.

அந்த நான்கில் ஒன்று 'மெயின் சினிமா'. படம் வெளியாகும்போது விளம்பரத்தில் முதலில் நிற்பது அதன் பெயர்தான். மற்றவை 'சைடு சினிமா'. கூட்டல் எதுவும் இல்லாமல் ஒரே தியேட்டரில் 25 வாரம் ஓடிவிட்டால் அதற்குத் தனிப் பட்டம் உண்டு: 'சோலோ சில்வர் ஜூப்ளி'. நமது வெள்ளிவிழாவுக்கு இணையானது அதுதான். மற்ற ஜூப்ளிகளை அதோடு ஒப்பிடக் கூடாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு படம் மெயின் சினிமா ஒன்றிலும் சைடு சினிமா மூன்றிலும் வெளியாகிறது. முதல் இரண்டு வாரம் நான்கிலும் ஓடுகிறது: 8. அடுத்த இரண்டு வாரம் ஒரு சைடு சினிமா கழன்றுகொள்ள, மூன்றில் ஓடுகிறது: 14. ஐந்து, ஆறு, ஏழாம் வாரங்களில் இரண்டே தியேட்டர்: 20. அதன்பின் மெயினில் மட்டும் ஐந்து வாரம்: 25. பன்னிரண்டாவது வாரக் கடைசியில் சில்வர் ஜூப்ளி போஸ்டர் ஒட்டலாம். நல்ல ஓட்டம்தான், சந்தேகமில்லை.

இன்னொரு படம் 11 தியேட்டரில் ஒரே நாளில் இறங்குகிறது. முதல் வாரம் 11. இரண்டாம் வாரம் இரண்டு தியேட்டர் தூக்கிவிட, 9, மொத்தம் 20. மூன்றாம் வாரம் ஐந்து தியேட்டர்தான் மிச்சம், மொத்தம் 25. மூன்றே வாரத்தில் அதுவும் சில்வர் ஜூப்ளி! போஸ்டரில் இரண்டுக்கும் ஒரே பட்டம். முதல் படத்தை ஊர் பன்னிரண்டு வாரம் பேசியது. இரண்டாவதை மூன்றாம் வாரமே மறந்துவிட்டது.

ஆகவே 401 போன்ற எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மெயின் சினிமாவில் எத்தனை வாரம்? 'ஆயினா'வுக்கு 48. ஒரே தியேட்டரில் ஏறக்குறைய ஒரு வருடம், சோலோ சில்வரைப்போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. அந்த 48தான் படத்தின் உண்மையான பலம். 401 அதன் மேல் கட்டிய கோபுரம். மெயின் எண் ஒற்றை இலக்கத்தில் இருந்து மொத்தம் 50ஐத் தாண்டியிருந்தால், விநியோகஸ்தர் நிறைய பிரிண்ட் போட்டிருக்கிறார் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

ஏன் கராச்சி?

பெரும்பாலான உருதுப் படங்கள் தயாரானது லாகூரில். முல்தான் ரோட்டில் எவர்நியூ, பாரி, ஷாநூர் என்று ஸ்டூடியோக்கள். விநியோக அலுவலகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது ராயல் பார்க்கில். ஆனால் உருதுப் படத்தின் ஜூப்ளியைக் கராச்சியில் எண்ணுவதுதான் வழக்கம். லாகூரில் எண்ணியது பஞ்சாபிப் படத்துக்கு.

காரணம் பார்வையாளர்கள். லாகூர்க்காரர்கள் வீட்டில் பேசியது பஞ்சாபி. உருது அவர்களுக்குப் பள்ளி மொழி, பத்திரிகை மொழி. 1947க்குப் பிறகு இந்தியாவிலிருந்து பெயர்ந்து வந்த உருது பேசும் குடும்பங்கள் பெருமளவில் குடியேறியது கராச்சியில். விநியோகஸ்தர்கள் நாட்டை சர்க்யூட்டுகளாகப் பிரித்து வியாபாரம் செய்தபோது, உருதுப் படத்துக்கு உயிர்நாடி கராச்சியைத் தலையாகக் கொண்ட சிந்து சர்க்யூட்டாக இருந்தது. பஞ்சாபிப் படத்துக்கு லாகூரைத் தலையாகக் கொண்ட பஞ்சாப் சர்க்யூட்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பஞ்சாபிப் படம் லாகூரில் பிளாட்டினம், ஓர் உருதுப் படம் கராச்சியில் பிளாட்டினம் என்றால் இரண்டும் சமமாக ஓடியதாகப் பொருள் இல்லை. ஊர் வேறு, தியேட்டர் எண்ணிக்கை வேறு, கூட்டம் வேறு. கராச்சியில் கோல்டன் ஜூப்ளி கொண்டாடிய ஒரு உருதுப் படத்தைப் பஞ்சாபின் சிறு நகரங்கள் சீண்டாமல் விட்டிருக்கவும் கூடும். ஜூப்ளி ஒரு நகரத்தின் தீர்ப்பு. நாட்டின் தீர்ப்பாக அதைப் படிக்கக் கூடாது.

படிப்படியாக ஏறிய எண்

ஜூப்ளிகள் ஒவ்வொன்றாக எப்போது வந்தன என்று பார்த்தாலே அந்தத் தொழிலின் வரலாறு விளங்கிவிடும்.

பாகிஸ்தானின் முதல் படமான 'தேரி யாத்' 1948 ஆகஸ்ட் 7 அன்று லாகூரில் வெளியானது. இயக்கியவர் தாவூத் சந்த். நாயகன் நாசிர் கான், திலீப் குமாரின் தம்பி. படம் எடுபடவில்லை. வேறெப்படி இருக்கும்? பிரிவினைக் கலவரத்தில் லாகூர் ஸ்டூடியோக்கள் சேதமாகியிருந்தன. முதலாளிகளிலும் தொழில்நுட்பக் கலைஞர்களிலும் பலர் எல்லையைத் தாண்டிப் போய்விட்டார்கள். பக்கத்துத் தியேட்டரில் பம்பாய்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து, 1950இல், 'தோ ஆன்ஸு' 25 வாரத்தைத் தொட்டது. உருதுவில் முதல் சில்வர் ஜூப்ளி அதுதான். 1954இல் 'சஸ்ஸி' முதல் கோல்டன் ஜூப்ளி. அதை இயக்கியவரும் தாவூத் சந்த்தான். முதல் தோல்வியும் முதல் 50 வாரமும் ஒரே ஆளின் கணக்கில்!

இந்தக் காலம் முழுக்கத் தயாரிப்பாளர்களின் தலைவலி பம்பாய்ப் படம். 1954இல் 'ஜால்' என்ற இந்தியப் படத்தின் இறக்குமதியை எதிர்த்து லாகூர் சினிமாக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள், கைதானார்கள். அதன்பின் ஒரு படம் வந்தால் ஒரு படம் போக வேண்டும் என்ற பண்டமாற்று முறை வந்தது. 1965 செப்டம்பர் போர் எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்துவைத்தது. இந்தியப் படங்களுக்கு முழுத் தடை.

ஜூப்ளிக் கணக்கில் இதன் விளைவு உடனே தெரிந்தது. தியேட்டர்கள் காலியாக இருந்தன. நிரப்ப உள்ளூர்ப் படம் வேண்டும். தடை வந்து ஆறே மாதத்தில், 1966 மார்ச்சில், 'அர்மான்' வெளியானது. 75 வாரத்தைக் கடந்து முதல் பிளாட்டினம் ஜூப்ளி. கராச்சியின் இளைஞர் கூட்டணி ஒன்று எடுத்த படம் அது. வஹீத் முராத் நாயகன், தயாரிப்பாளரும் அவரே. பர்வேஸ் மாலிக் இயக்கம், சோஹைல் ராணா இசை, மஸ்ரூர் அன்வர் பாடல்கள், அஹ்மத் ருஷ்தி குரல். 'கோ கோ கோரினா' என்ற பாட்டு இன்றும் அங்கே கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. படம் நல்ல படம்தான். ஆனால் பம்பாய்ப் போட்டி நீங்கிய ஆறாவது மாதம் என்பதையும் சேர்த்துத்தான் அந்த 75ஐ எடைபோட வேண்டும். 1954இன் 50ஐயும் 1966இன் 75ஐயும் ஒரே தராசில் வைத்தால் 'சஸ்ஸி'க்கு அநியாயம் நேரும்.

தடைக்கு இன்னொரு பக்க விளைவும் உண்டு. எதிரே அசல் இல்லாததால் நகல் எடுப்பது எளிதாகிவிட்டது. பம்பாய்க் கதையைக் காட்சிக்குக் காட்சி உருவி எடுத்த படத்தை அங்கத்திய சினிமா பத்திரிகைகள் 'சர்பா' என்று கேலி செய்யும்.

முதல் டைமண்ட் ஜூப்ளி 1969இல் வந்த 'ஸர்கா'. ரியாஸ் ஷாஹித் இயக்கம், நீலோ நாயகி, பாலஸ்தீனம் கதைக்களம். 'சங்கிலி பூட்டிய காலோடும் ஆடத்தான் வேண்டும்' என்ற பொருளில் ஹபீப் ஜாலிப் எழுதிய கவிதையை அதில் மெஹ்தி ஹசன் பாடினார். அரசியல் படமொன்று 100 வாரத்தைத் தொட்ட அபூர்வம்.

டாக்காவை மறந்தால் கணக்கு உதைக்கும்

உருது சினிமா என்றதும் லாகூரோடு நிறுத்திவிடுவது ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு. 1960களில் வங்காளி பேசும் டாக்காவிலிருந்தும் உருதுப் படங்கள் வந்தன. வங்காளிப் படத்துக்குக் கிழக்கில் மட்டும்தான் சந்தை. உருதுவில் எடுத்தால் கராச்சியும் லாகூரும் சேர்ந்துகொள்ளும். 1962இல் எஹ்தெஷாம் இயக்கிய 'சந்தா' அந்தக் கதவைத் திறந்தது. பாகிஸ்தானின் முதல் முழுநீள வண்ணப் படமான 'சங்கம்' (1964, ஜஹீர் ராய்ஹான்) டாக்காவில் உருவானதுதான், லாகூரில் இல்லை. 1967இல் 'சகோரி' மூலம் நதீம் அறிமுகமானதும் அங்கேதான்.

இந்தப் பின்னணியோடு 'ஆயினா'வின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். நாயகி ஷப்னம், டாக்காவிலிருந்து வந்தவர். இசை அவர் கணவர் ராபின் கோஷ், அவரும் டாக்கா. இயக்குநர் நஸ்ருல் இஸ்லாம், அவரும் அங்கிருந்தே. நதீம் டாக்கா சினிமா கண்டெடுத்த நடிகர். 1971இல் கிழக்குப் பகுதி வங்கதேசமானபோது பாகிஸ்தானியத் திரைத்துறை ஒரு பெரிய சந்தையையும் ஸ்டூடியோக்களையும் இழந்தது. ஆறு வருடம் கழித்து அந்தத் துறையின் மிகப்பெரிய வெற்றியைக் கொடுத்தவர்கள் டாக்காவில் தொழில் கற்றவர்கள். உருது சினிமா வரலாற்றில் இதைவிடச் சுவாரஸ்யமான முரண் இல்லை என்று தோன்றுகிறது.

எண் எங்கே ஏமாற்றும்

ஜூப்ளிக் கணக்கு வாரத்தை மட்டும்தான் பார்க்கும், நாற்காலியைப் பார்க்காது. நாளுக்கு மூன்று காட்சி என்று வைத்துக்கொண்டால் 900 இருக்கை உள்ள தியேட்டரில் வாரத்துக்கு 18,900 டிக்கெட் விற்க முடியும். 300 இருக்கை உள்ள சின்னத் தியேட்டரில் 6,300தான். கணக்கில் இரண்டும் ஒரே ஒரு வாரம். ஒரு படத்தை இறுதிக் கட்டத்தில் சின்னத் தியேட்டருக்கு நகர்த்தி, பாதிக் கூட்டத்தோடு மாதக்கணக்கில் வைத்திருந்தால் எண் ஏறிக்கொண்டே இருக்கும். 24ஆம் வாரத்தில் நிற்கும் படத்துக்குத் தயாரிப்பாளரே தியேட்டர் வாடகையைக் கட்டி ஒரு வாரம் தள்ளிவிட்டால் பட்டம் கிடைத்துவிடும். நம் ஊரில் 'ஓடியதா, ஓட்டினார்களா' என்று கேட்பதில்லையா? அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம்.

மறுவெளியீடு இன்னொரு குழப்பம். வழக்கப்படி முதல் ஓட்டத்தை மட்டும்தான் எண்ண வேண்டும். வருடங்கள் கழித்துத் திரும்ப வந்த வாரங்களைச் சிலர் சேர்த்துவிடுவதால்தான் ஒரே படத்துக்கு இரண்டு புத்தகத்தில் இரண்டு எண் இருக்கிறது. அப்படி முரண்பட்டால் சின்ன எண்ணை நம்புவது பாதுகாப்பு. பழைய கராச்சிச் செய்தித்தாள் கையில் கிடைத்தால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை சினிமா விளம்பரத்தில் அந்த வாரம் எந்தெந்தத் தியேட்டரில் படம் ஓடுகிறது என்று இருக்கும். அடுத்தடுத்த வெள்ளிகளின் விளம்பரங்களை வரிசையாக வைத்துத் தியேட்டர் பெயர்களைக் கூட்டினால் மொத்தம் தானாக வந்துவிடும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் கத்தும் எண்ணைவிடக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் தியேட்டர் பட்டியல் நம்பகமானது.

ஜூப்ளி தொடாத படம் மோசமான படம் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். 1959இல் ஏ. ஜே. கர்தார் இயக்கி, கவிஞர் ஃபைஸ் அஹ்மத் ஃபைஸ் எழுதிய 'ஜாகோ ஹுவா சவேரா', கிழக்கு வங்க மீனவர்களைப் பற்றிய உருதுப் படம். மாஸ்கோ திரைப்பட விழாவில் பதக்கம் வாங்கியது. தியேட்டரில் படுதோல்வி. ஏறக்குறைய காணாமலே போன அதை மீட்டெடுத்து 2016இல் கான் விழாவில் திரையிட்டார்கள்.

பட்டம் மலிந்த காலம்

1977 ஜூலையில் ராணுவ ஆட்சி வந்தது. 1979இல் புதிய திரைப்படச் சட்டமும் இறுகிய தணிக்கையும் வந்தன. அதே வருடம் பிப்ரவரியில் வெளியான 'மௌலா ஜட்' என்ற பஞ்சாபிப் படம் அரிவாளும் ரத்தமுமாக ஓடித் தீர்த்தது. பணம் அந்தப் பக்கம் சாய்ந்தது. வீடுகளில் வி.சி.ஆர். நுழைந்ததும் தடை செய்யப்பட்ட பம்பாய்ப் படங்கள் வரவேற்பறைக்கே வந்துவிட்டன. குடும்பத்தோடு உருதுப் படம் பார்க்கப் போன நடுத்தர வர்க்கம்தான் முதலில் வீட்டோடு தங்கியது.

வேடிக்கை என்னவென்றால் ஜூப்ளி போஸ்டர்கள் அதனால் குறைந்துவிடவில்லை. மாதக்கணக்கில் ஓட்டிக் காசு பார்க்க முடியாத நிலையில், ஒரே நாளில் நிறைய தியேட்டரில் இறக்கிச் சீக்கிரம் வசூலித்துக்கொள்ளும் வழக்கம் பெருகியது. மேலே போட்ட 11 தியேட்டர் கணக்கு நினைவிருக்கிறதா? மூன்று வாரத்தில் சில்வர். தொழில் தேய்ந்துகொண்டிருந்த 1980களின் ஜூப்ளிப் பட்டியலைப் பார்த்து அதைப் பொற்காலம் என்று நினைக்கும் தவறு இங்கேதான் நடக்கிறது. அந்தக் காலத்துப் பட்டத்தைக் கண்டால் மெயின் சினிமா வாரத்தைத் தேடிப் பார்க்காமல் நகராதீர்கள்.

எதிலிருந்து தொடங்கலாம்

தேடும்போது படத்தின் பெயரோடு வருடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1964இல் டாக்காவில் ஒரு வண்ண 'சங்கம்' வந்தது. அதே வருடம் பம்பாயில் ராஜ் கபூரின் வண்ண 'சங்கம்' வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. 'அர்மான்' என்ற பெயரிலும் பின்னால் பம்பாய்ப் படம் உண்டு. நடிகர் பெயரையும் போட்டுத் தேடினால்தான் சரியானது கிடைக்கும். பல படங்களுக்கு நல்ல பிரிண்ட் தப்பவில்லை. இணையத்தில் கிடைப்பவற்றில் பல பழைய வீடியோ கேசட்டிலிருந்து எடுத்தவை: நிறம் வெளிறி, ஓரம் வெட்டுப்பட்டு, சில சமயம் ஒரு பாட்டே காணாமல் போயிருக்கும். படம் தாவுவதுபோல் தோன்றினால் இயக்குநரைக் குறை சொல்வதற்கு முன் நீளத்தைச் சரிபாருங்கள்.

முதலில் 'அர்மான்' பாருங்கள். உருது தெரியாவிட்டாலும் பாட்டுகள் இழுத்துக்கொண்டு போகும். அடுத்து 'ஆயினா'. பணக்கார வீட்டுப் பெண், வசதியில்லாத இளைஞன், கல்யாணத்துக்குப் பிறகு அவர்களைப் பிரித்துவைக்கும் பெண் வீட்டார், கடைசியில் சேர்த்துவைக்கும் பிள்ளை. எங்கேயோ பார்த்த கதையாக இருக்கிறதா? பார்த்திருப்பீர்கள். இதைத் தழுவி 1985இல் பம்பாயில் 'பியார் ஜுக்தா நஹீன்' வந்தது. அதிலிருந்து 1986இல் ரஜினிகாந்த், ஸ்ரீதேவி நடிப்பில் துவாரகீஷ் இயக்கிய தமிழ்ப் படம், 'நான் அடிமை இல்லை'.